குறையே இல்லாத ரெகுலேட்டர்

அக்கா யாரையும் சபித்து நான் கேட்டதில்லை. பிடிக்காதவன் வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவது, கோயிலில் காசு வெட்டிப் போடுவது, அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவது என்று நம் பக்கத்தில் வழிவழியாக வரும் முறைகள் எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"சாபம் போடுறவ சோம்பேறி தம்பி. தான் பாக்க வேண்டிய சோலிய சாமி தலையில கட்டிட்டு, போய்ப் படுத்துக்கிடுதா" என்பார்.

அக்கா சோம்பேறி இல்லை.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர், அதுவும் இடுப்பு உயரம். அவர் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். நூலை இழுத்துப் பார்த்து, அறுந்தால் 'ரிஜெக்ட்' என்று சொல்வதற்குச் சம்பளம். வேலையை விட்ட பிறகும் இழுத்துப் பார்ப்பதை விடவில்லை. கத்தரிக்காய், மகளுக்கு வந்த வரன்கள், பத்திரிகைகளில் நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகள் என்று எதுவும் தப்பாது. என்னுடையவை பெரும்பாலும் முதல் பத்தியிலேயே அறுந்துவிடும்.

ஆலையில் ஒருமுறை அவர் ரிஜெக்ட் செய்த நூலை, மேலாளர் ஒருவர் தானே கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பிவிட்டார். அக்கா சண்டை போடவில்லை. அந்த நூலில் கொஞ்சம் விலைக்கு வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டார். சில வருடங்கள் கழித்து மேலாளர் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அக்கா அந்த நூலைத் தறிக்குக் கொடுத்துப் பூப்போட்ட படுக்கை விரிப்பாக நெய்து வாங்கி, பளபளக்கும் தாள் சுற்றிப் பரிசாகக் கொடுத்தார். சில துவைப்பிலேயே அது சல்லடையாகிவிட்டது. மேலாளரின் மனைவிக்கு ஏன் என்று விளங்கவில்லை. மேலாளருக்கு விளங்கிவிட்டது.

"வெளங்கணும் தம்பி. வெளங்கலைன்னா அது பழி இல்ல, சும்மா ஒரு நட்டம்."

இனி ரெகுலேட்டர். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஃபேன் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் கேஸ் அடுப்பு. அக்கா வீட்டில் மட்டும் மூன்றாவதாக ஒன்று இருந்தது. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குபவர்கள் வாயில் கடித்துக்கொள்ளும் கருவி. சிலிண்டருக்குள் முறைத்துக்கொண்டு அடைந்து கிடக்கும் காற்றை அது இரண்டு கட்டமாகச் சாந்தப்படுத்தி, நாம் இழுக்கும்போது மட்டும், இழுக்கும் அளவுக்கு மட்டும், வாய்க்குள் விடும். சாந்தப்படுத்தும் கருவி ஒன்று அக்காவின் பராமரிப்பில் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

கடலே இல்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்கலாம். எங்களுக்குக் கிணறு உண்டு. யானை விழுந்தாலும் சத்தம் தாமதமாக வரும் கிணறுகள். கயிறு அறுந்து மோட்டார் உள்ளே போய்விட்டால் ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். அக்காவின் கணவர் கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நான் அவரை அத்தான் என்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பம்புசெட்டு பட்டறை வைத்திருந்த ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, மோட்டார் எடுப்பதையே தொழிலாகச் செய்தார். அத்தான் இறங்குபவர். அக்கா இறங்க விடுபவர். ரெகுலேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பர் வளையங்களை மாற்றி, இழுத்துப் பார்த்து, பாஸ் சொல்வது அக்காவின் வேலை. சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் பாகங்கள் எல்லாம் கழற்றிய வரிசையில் இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கூட்டாளியும் சில சமயம் இறங்குவார், சொந்தமாக ஒரு ரெகுலேட்டர் வைத்திருந்தார். அதை மட்டும் அக்காவிடம் கொடுக்க மாட்டார். "பொம்பள மாட்டிக் குடுக்கதுலதான் நான் மூச்சு விடணுமாக்கும்? பம்பையே பிரிச்சு மேயுறவன் நான். இதெல்லாம் ஒரு சாமானா மாப்ள?" என்று அத்தானிடமே சொல்லியிருக்கிறார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு காபி கொடுத்தார்.

நடுவயதில் சிலர் தலைக்கு மை அடித்துக்கொள்வார்கள். நான் ஒரு ரெகுலேட்டர் வாங்கினேன். அத்தானோடு ஒரு தடவை கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நீச்சல் சுமார்தான் என்பது அப்போது ஒரு தடையாகத் தோன்றவில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்த அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார்.

"இது பனிக்கட்டித் தண்ணியில இறங்குதவனுக்கு உள்ளதுல்லா. அய்யனார் கோயில் அருவி ஒறஞ்சு போச்சா தம்பி?"

"நீலக் கலரு நல்லா இருந்துச்சுக்கா."

"இதுக்கு ரப்பர் வளையம் எந்த ஊர்ல கிடைக்கும்?"

"கேக்கலையே."

"வாயில கடிச்சுப் பாத்தீயளா? தாடை வலிக்குதா, வலிக்கலையா?"

"ஆன்லைன்ல எப்பிடிக்கா கடிக்க?"

"பொண்ணு பாக்கப் போயி சேலைய மட்டும் பாத்துட்டு வந்திருக்கீய" என்றார்.

எந்த ரெகுலேட்டர் நல்லது என்று யார் கேட்டாலும் அக்காவின் பதில் ஒன்றுதான்: "வாங்குத அன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் இழுக்கும். பிரிச்சு மாட்ட ஆளும் வளையமும் பக்கத்துல இருக்கான்னு பாருங்க. பொறவு கலரப் பாருங்க." கழுவுவதற்கும் சட்டம் உண்டு. போர்வெல் தண்ணீரில் கழுவக் கூடாது, உப்புப் படியும். குடிக்கிற ஆற்றுத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். சிலிண்டரில் மாட்டும் வாயை முதலில் மூடி போட்டு அடைக்க வேண்டும். வாளிக்குள் இருக்கும்போது நடுவில் உள்ள பொத்தானை மட்டும் அமுக்கவே கூடாது, அமுக்கினால் தண்ணீர் குழாய் வழியே உள்ளே போய்விடும்.

நான் அமுக்கினேன். பொத்தான் என்று ஒன்று இருந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

அக்கா அதை வாங்கி, பிரித்து, தனித் தட்டில் வைத்தார். "எப்பக்கா மாட்டித் தருவீய?" என்று கேட்கும்போதெல்லாம் "காயுது" என்றார். அது ஐப்பசி முழுவதும் காய்ந்தது. கார்த்திகையிலும் காய்ந்தது. மார்கழியில் என் ஆசை காய்ந்து முடிந்த பிறகு மாட்டித் தந்தார். எனக்கு வழங்கப்பட்டது தண்டனை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அதற்கு அடுத்த கோடையில் அத்தானின் ரெகுலேட்டரும் தட்டுக்கு வந்தது. வாளியில் அமிழ்த்தினால் ஒற்றைக் குமிழி மெதுவாக வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. "இதெல்லாம் ஒரு கசிவாட்டி?" என்றார் அத்தான். அக்கா ரிஜெக்ட் என்றார். புது வளையம் சென்னையிலிருந்து கூரியரில் வர வேண்டும். அதற்குள் சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு கிணற்றில் வேலை வந்தது. "என்னுது இருக்குல்லா மாப்ள. ஒரு கொறையும் கெடையாது" என்று கூட்டாளி தன்னுடையதைக் கொடுத்தார். கரையில் இழுத்துப் பார்த்தபோது இழுத்திருக்கிறது. அத்தான் அதைக் கடித்துக்கொண்டு இறங்கினார். ஏறி வரவில்லை.

நெஞ்சுவலி என்று ஊர் சொன்னது. ஊருக்கு அதை முதலில் சொன்னவர் கூட்டாளி. தண்ணீருக்குள் செத்தவனை மூழ்கிச் செத்தான் என்று எழுதிக்கொள்ள எல்லாத் தாளிலும் இடம் இருக்கிறது. ஏன் மூழ்கினான் என்று எழுத எதிலும் கட்டம் இல்லை.

அத்தானின் துணிமணிகளோடு அந்த ரெகுலேட்டரும் வீட்டுக்கு வந்தது. அழுது முடித்த ஒரு பிற்பகலில் அக்கா தாம்பாளத்தை எடுத்து வைத்து அதைப் பிரித்தார். நான் எதிரே இருந்தேன். உள்ளே, மஞ்சளாக, கெட்டியாக, பம்புக்குப் போடும் கிரீஸ். இரும்புக்கு அது அமிர்தம். ரப்பருக்கு விஷம். ரப்பர் ஊறி உப்பிப்போய், அதில் கிணற்றுச் சேறு அப்பியிருந்தது. மேலே நின்றால் எப்படியோ காற்று விடும். ஆழத்தில் எவ்வளவு இழுத்தாலும் மனசு வைக்காது.

இன்னொன்றும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அத்தான் இறங்கியதற்கு முந்தின நாள் கூட்டாளியே அந்தக் கிணற்றில் இறங்கி, போன வேகத்தில் பதறி ஏறியிருக்கிறார். "தண்ணி கலங்கலாக் கெடக்கு, நாளைக்கு மாப்ள வருவான்" என்று கிணற்றுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

போலீசுக்குப் போகலாம் என்றேன்.

"இழுக்காதுன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்னு அவரு சொன்னாத்தான தம்பி உண்டு" என்று தாம்பாளத்தை ஒரு துண்டால் மூடினார். "சொல்லுவாரு."

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூட்டாளி வந்தார். சொந்தபந்தம் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்க, அக்கா உள்ளேயிருந்து ஒரு சம்புடத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அந்த ரெகுலேட்டர். கழுவி, புது வளையங்கள் போட்டு, கண்ணாடி போல இருந்தது.

"அண்ணாச்சி, உங்க சாமான். இதுல ஒரு கொறையும் இல்லைன்னு சொன்னீயள்லா?"

"ஆமா தாயி."

"அவிய கடைசியாக் கடிச்சது. நீங்க இனி எந்தக் கிணத்துல இறங்குனாலும் இதுலதான் இறங்கணும். வருசா வருசம் நானே வந்து சர்வீஸ் பண்ணித் தாரேன். எனக்கு அது போதும்."

பந்தியில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்ன மனசு, என்ன மனசு என்றார்கள். கூட்டாளியின் கையில் சோறு அப்படியே இருந்தது. வேறு ரெகுலேட்டர் வாங்கினால் இதில் குறை என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். வாங்காவிட்டால் இதையே கடிக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை, நிஜக் காரணத்தைத் தவிர. அவர் தலையாட்டினார். பழைய காவியங்களில் எத்தனையோ சபதங்களைப் படித்திருக்கிறேன். பாயசத்தோடு பரிமாறப்பட்ட சபதத்தை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும், ஆண்டாள் தேர் நிலைக்கு வந்த வாரம், அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் போவார். வண்டி என்னுடையது, டிரைவரும் நான்தான். பட்டறையில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போவார். ரெகுலேட்டரை அங்கேயே பிரித்து மாட்டி, சிலிண்டரில் பூட்டி, கூட்டாளியை ஸ்டூலில் உட்காரவைத்து, வாயில் கொடுப்பார்.

"இழுக்குதா அண்ணாச்சி?"

தலையாட்டுவார்.

"கொறை ஒன்னும் இல்லையே?"

இல்லை என்று ஆட்டுவார்.

"என்னைக்கும் இருந்ததில்லையே?"

அந்த இடத்தில் மட்டும் தலை கொஞ்சம் தாமதமாக ஆடும். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கிளம்பும்போது கூட்டாளி ஒரு பெட்டி பால்கோவா கொடுப்பார். அக்கா அதைத் தொடமாட்டார், எனக்குத் தந்துவிடுவார். அந்தப் பகையின் கொழுப்பு முழுவதும் சேர்ந்தது என் இடுப்பில்தான்.

கூட்டாளி வருடத்துக்கு வருடம் இளைத்தார். கிணற்று வேலைக்குக் கூலிக்கு ஆள் பிடித்து இறக்கத் தொடங்கினார். ஆனால் தோட்டக்காரர்கள் எல்லோரிடமும் அக்காவின் நம்பர் இருந்தது. எங்கே மோட்டார் விழுந்தாலும் அக்கா கிணற்று மேட்டில் நின்றார். "அண்ணாச்சி இறங்கலையா? அவரு சாமான் நல்லாத்தான இருக்கு" என்பார். அவர் இறங்குவார்.

எனக்குப் பயம் வந்தது. ஒருநாள் வண்டியில் கேட்டேன்.

"அக்கா, என்னைக்காவது ஒரு வளையத்த வேணும்னே மாத்தாம விட்டுருவீயளோ?"

"விட்டா அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். "அதுவும் போக, ஒரே நாள்ல முடிஞ்சிரும்லா."

ஊர் எல்லை வந்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

"ஒத்தக் கொமிழிக்காக நான் ரிஜெக்ட் பண்ணேன் தம்பி. பண்ணலைன்னா அவிய தன்னுதுலயே இறங்கியிருப்பாவ. கூட்டாளி சாமான் எமன்னு அவரு வாயால வரணும். வரலைன்னா, அவியளக் கொன்னது என் ரிஜெக்டுன்னு ஆயிரும்."

அக்கா பிறகு கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். அதற்கு முந்தின வருடம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று பெருமாள் கோயில் கொண்ட மலை ஒன்று உண்டே, அதன் அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் விழுந்தது. கூலிக்கு இறங்கும் ஆளுக்கு அன்று காய்ச்சல். கூட்டாளியே சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நின்றார். மேட்டில் அக்கா. பக்கத்தில், வழக்கம்போல, உபயோகமில்லாமல் நான்.

தோப்புக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தவர். வேலையை விட்டுவிட்டார், அவசரத்தை விடவில்லை.

"இறங்குதியளா அண்ணாச்சி, இல்ல நல்ல நேரம் பாக்கணுமா? தென்னை காயுதுய்யா!"

கூட்டாளி படியில் இறங்கி, கடித்துக்கொண்டு, தலையை முக்கினார். உடனே எழுந்துவிட்டார். மறுபடியும் முக்கினார், மறுபடியும் எழுந்தார். பிறகு தண்ணீருக்கு மேல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சீயக்காய் கொண்டாரட்டுமா அண்ணாச்சி?" என்று மேலேயிருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டாளி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "வேற ஒன்னு இருந்தாக் குடு தாயி."

"ஏன், இதுக்கென்ன? இழுக்கலையா?"

"இழுக்குது."

"பொறவு?"

"வாயில வச்சா மாப்ள மொகம் வருது."

"நல்லதுதான அண்ணாச்சி. தொணைக்கு ஆளாச்சு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கூட்டாளி கையிலிருந்த ரெகுலேட்டரைப் பார்த்தார். அதனிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"அன்னைக்கு இது இழுக்கல தாயி."

"என்னைக்கு?"

"முந்துன நாளே. நான் இறங்குனேன். பாதியில அடச்சிக்கிடுச்சு. உசுர் போயி உசுர் வந்துச்சு. கிரீசப் போட்டவன் நாந்தான், எனக்கே தெரிஞ்சுபோச்சு. கொறைன்னு சொன்னாக் கேவலம்னுட்டு... அவன் நேவி ஆளு, சமாளிச்சிருவான்னு குடுத்துட்டேன்."

"சத்தமாச் சொல்லுங்க. மேல நிக்கவியளுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னார். கிணற்றுச் சுவர் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது.

"நெஞ்சுவலி?"

"இல்ல. நெஞ்சுவலி இல்ல தாயி. என்ன மன்னிச்சிரு."

தோப்புக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார்.

"சரி, இறங்குங்க."

"அதான் சொல்லிட்டனே!"

"சொன்னது எங்க வீட்டு அவியளுக்கு. மோட்டாரு இந்த ஐயாவுக்கு. நான் பாஸ் பண்ணது, இழுக்கும். இறங்குங்க."

அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இறங்கினார்.

குமிழிகள் வந்தன. நடுக்கிணற்றுக்கு நகர்ந்தன. பிறகு நின்றன. தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. மேலே ஒருவரும் அசையவில்லை. அக்காவின் கை சுவரைப் பற்றியது. ஒரு படி கீழே இறங்கினார். "இழுங்க" என்று பல்லுக்கிடையில் சொன்னார், "இழுங்கய்யா, நல்லா இழுங்க." வேறொரு மூலையில் குமிழிகள் கொத்தாக வந்தன. அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கயிறு ஆடியது. மோட்டார் மேலே வந்தது. பிறகு கூட்டாளி.

அவர் ரெகுலேட்டரைக் கழற்றி அக்காவின் காலருகே படியில் வைத்தார். "இனி இது எனக்கு வேணாம் தாயி" என்றார். பள்ளிக்கூடம் விட்ட பையனைப் போல் வேகமாக நடந்து போனார். அவ்வளவு லேசாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில், ராஜபாளையம் ஆலைகளின் புகைபோக்கி தெரியத் தொடங்கியதும் நானே கேட்டேன்.

"மனசு ஆறுச்சாக்கா?"

"அன்னைக்கு நான் ரிஜெக்ட் பண்ணது தப்பில்லைன்னு ஆச்சு" என்றார். "அது ஆச்சு."

"பொறவென்ன?"

"அவரு நாளைக்கே போயி புதுசு ஒன்னு வாங்கிருவாரு தம்பி. இனி எம்புட்டு வேணும்னாலும் மூச்சு விடுவாரு."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"அவரச் சொல்ல வச்சிருக்கக் கூடாது" என்றார்.